ஷார்த்ர் பேராலயத்துக்குக் காரில் போகிறவர்களுக்கு: எந்த நேரத்தில் எந்த ஜன்னல்

பாரிஸில் கார் எடுத்து லுவார் ஆற்றங்கரை அரண்மனைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஷார்த்ர் வழியிலேயே வருகிறது. தலைநகரிலிருந்து தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர். வழியில் இருப்பதே அதற்குக் கேடாகவும் முடிகிறது. ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தி, வேகமாக ஒரு சுற்று சுற்றி, நாலு படம் எடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே இருட்டாக இருந்தது, எல்லாம் நீலமாகத் தெரிந்தது என்பதற்குமேல் அவர்களுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

1194-இல் பெரும் தீ விபத்து. பழைய கோயிலில் மேற்கு முகப்பும் நிலவறையும் தப்பின. மிச்சத்தை ஏறக்குறைய 1220-க்குள் எழுப்பிவிட்டார்கள். கோயிலை வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கும் சடங்கான அர்ச்சிப்பு 1260-இல் நடந்தது. கட்டுமானம் இவ்வளவு வேகமாக முடிந்ததால் கட்டடம் முழுவதும் ஒரே கையில் செய்ததுபோல் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், 12, 13-ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடியில் பெரும்பகுதி இன்னும் அதே இடத்தில் இருப்பது. சுமார் 176 ஜன்னல்கள், ஏறக்குறைய 2,600 சதுர மீட்டர் கண்ணாடி. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கே வருவதே கண்ணாடிக்காகத்தான். கண்ணாடிக்கு விளக்கு வெளியே வானத்தில் இருப்பதால், பயணத் திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எத்தனை மணிக்கு உள்ளே இருக்கப்போகிறோம் என்பதை.

திசைக் கணக்கு

தேவாலயங்களில் பலிபீடம் இருக்கும் பக்கத்தைக் கிழக்கு என்று வைத்துத்தான் பேசுவார்கள். 'வடக்கு ரோஜா ஜன்னல்', 'தெற்கு வாசல்' என்று பலகைகளிலும் கையேடுகளிலும் வருவதெல்லாம் இந்தக் கணக்கு. ரோஜா என்பது பூவிதழ்களாகப் பிரிந்த பெரிய வட்ட ஜன்னல். ஷார்த்ரில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால் வேறு சொல்லும். கட்டடம் ஏறக்குறைய 45 பாகை திரும்பி வடகிழக்கு நோக்கிக் கிடக்கிறது. ஆகவே தெற்கு என்று எழுதியிருப்பது உண்மையில் தென்கிழக்கு. மேற்கு முகப்பு தென்மேற்கைப் பார்க்கிறது. வடக்கு என்பது வடமேற்கு.

கோடையில் இது நேரத்தை முழுக்க மாற்றிவிடும். 'தெற்கு' ரோஜாவும் அந்தப் பக்கத்து ஜன்னல்களும் காலை 9.30-லிருந்து 12.30 வரை நேர் வெயிலில் இருக்கும். 'மேற்கு' ஜன்னல்களுக்குப் பிற்பகல் 2 முதல் 6 வரை. 'வடக்கு' ரோஜாவுக்கு மாலை 5 மணிக்குமேல்தான் வெயில் நன்றாக விழும். மேற்கு ஜன்னல் என்ற பெயரை நம்பி சூரியன் மறையும் நேரம்வரை காத்திருந்தால், வெயில் அதற்குள் பக்கவாட்டில் ஒதுங்கிப் போயிருக்கும்.

வானம் மூடியிருந்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். மெல்லிய மேகம் உண்மையில் நல்லது. நேர் வெயிலில் ஒரு பக்க ஜன்னல் கண்ணைக் கூசும். அந்த வெளிச்சம் உள்ளே நிறைந்து எதிர்ப்பக்க ஜன்னலை வெளிறச் செய்யும். மேகம் இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தெரியும், கதைகளைப் படிக்க எளிது. தவிர்க்க வேண்டியது குளிர்காலத்துப் பின்மாலை. வெளிச்சம் குறையக் குறைய சிவப்பு முதலில் கருத்துவிடும், நீலம் மட்டும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். பாதிப் படம் காணாமல் போகும்.

மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்கினால் பயனில்லை. முழுப் பகல் கொடுத்தால் மூன்று பக்கமும் கிடைக்கும். எங்கள் சிபாரிசு, பிற்பகல் வந்து சேர்ந்து, ஊரில் இரவு தங்கி, மறுநாள் முற்பகல்வரை இருந்துவிட்டுக் கிளம்புவது. வண்டி ஓட்டுகிறவருக்கும் அது ஓய்வு.

நாள் தேர்வில் இரண்டு கவனிக்க வேண்டும். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் தூய ஆவிப் பெருவிழாவை (பெந்தெகொஸ்தே) ஒட்டிய வாரஇறுதியில் பாரிஸிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடைப்பயணமாக வந்து திங்களன்று இங்கே சேர்வார்கள். அன்று நிதானமாக எதையும் பார்க்க முடியாது. தரையிலுள்ள சுழல்பாதையில் நடக்க விரும்பினால் வெள்ளிக்கிழமை வாருங்கள். மற்ற நாட்களில் அதன்மேல் நாற்காலிகள் இருக்கும்.

சாலை, சுங்கம், பெட்ரோல்

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே ஆர்டிஓ மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிட வேண்டும்; இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் தருகிறது. அனுமதி மட்டும் போதாது, மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். வாடகைக் கார் எடுக்கும்போது ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள், இல்லையென்றால் கியர் வண்டிதான் வரும். இடது பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் போடப் பழகுவதைப் பாரிஸ் நெரிசலில் தொடங்காதீர்கள். புறநகரிலோ விமான நிலையத்திலோ வண்டியை எடுத்தால் நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடலாம்.

ஏ10-இல் தெற்கே போய் ஏ11-க்குப் பிரிய வேண்டும். நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். சுங்கம் உண்டு. டிக்கெட் தரும் சாவடியில் டிக்கெட்டை எடுத்துப் பத்திரமாக வைத்து, இறங்கும் இடத்தில் கட்ட வேண்டும். தொலைத்தால் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணத்தை வாங்கிவிடுவார்கள். சாவடியில் எந்த வரிசைக்குள் போகிறோம் என்பதில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். பச்சை அம்புக்குறி உள்ள வரிசை எல்லோருக்கும். கார்டு படம் போட்டிருந்தால் கார்டு மட்டும். ஆரஞ்சு நிறத்தில் ஆங்கில 't' எழுத்து மட்டும் எரிந்தால், அது வண்டியில் மின்னணுப் பட்டை வைத்திருப்பவர்களுக்கு. தெரியாமல் அதில் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்காதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்தினால் பேசுவார்கள், வழி செய்து விடுவார்கள். வெளிநாட்டு கார்டைச் சில இயந்திரங்கள் ஏற்பதில்லை. இரண்டு வெவ்வேறு கார்டும் கொஞ்சம் யூரோ ரொக்கமும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சுங்கம் வேண்டாம் என்பவர்களுக்கு ராம்பூயே வழியாக என்10 சாலை இருக்கிறது. நேரம் கூடும், ஆனால் ஷார்த்ர் நெருங்கும்போது போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு மேலே இரண்டு கூரிய கோபுரங்கள் மட்டும் எழும்பி நிற்பதைப் பல கிலோமீட்டர் முன்பே பார்த்துக்கொண்டு வரலாம்.

வேகம்: நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு இதைவிடக் குறைவு. இருவழிக் கிராமச் சாலைகளில் பொதுவாக 80. ஊர்ப்பெயர்ப் பலகை வந்தாலே 50 என்று அர்த்தம், தனியாக எண் போட மாட்டார்கள். அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கும் பலகை வந்தால் ஊர் முடிந்தது. ஊருக்குள் குறி எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. ரவுண்டானாவில் நிலைமை வேறு, உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட்டு நுழைய வேண்டும்.

பெட்ரோல் நிலையத்தில் 'காஸோல்' என்று எழுதியிருப்பது டீசல். பெட்ரோல் என்று நினைத்து ஊற்றினால் வாடகை நிறுவனத்துக்குப் பெரிய தொகை போகும். பெட்ரோலுக்கு எஸ்பி95, எஸ்பி98 என்ற குறிகளைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு எது என்று எரிபொருள் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பார்கள். நெடுஞ்சாலை நிலையங்களைவிட ஊரோரத்து சூப்பர்மார்க்கெட் பெட்ரோல் பங்க்குகளில் விலை குறைவு.

பேராலயம் குன்றின் உச்சியில் இருக்கிறது. அதைச் சுற்றி இடைக்காலச் சந்துகள். ஜிபிஎஸ்-இல் பேராலயத்தின் பெயரைப் போட்டால் நடப்பவர்களுக்கான தெருவுக்குள் கொண்டுபோய் விடும். அதற்குப் பதிலாக எபார் சதுக்கத்தின் கீழே இருக்கும் 'கேர் த வீல்' நிலத்தடி நிறுத்துமிடத்தைக் குறியுங்கள். அங்கிருந்து பத்து நிமிட நடை. கூரையில் பெட்டி கட்டிய வண்டியோ கேம்பர் வேனோ என்றால் நுழைவில் எழுதியிருக்கும் உயர வரம்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பெட்டிகள் எல்லாம் டிக்கிக்குள் போகட்டும்; அதையும் நிறுத்துமிடத்துக்கு வருமுன்பே முடித்துவிடுங்கள். நிறுத்திய பிறகு டிக்கியைத் திறந்து அடுக்குவது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பதற்குச் சமம். பெரிய பெட்டியோடு பேராலய வாசலுக்குப் போனால் உள்ளே விட மறுக்கலாம்.

உள்ளே போகுமுன்

முதலில் வெளியே ஒரு சுற்று. முகப்பில் இரண்டு கோபுரங்களும் ஒன்றுபோல் இருக்காது. வலப்பக்கம் 12-ஆம் நூற்றாண்டுக் கோபுரம், எளிய எட்டுப்பட்டைக் கூம்பு, 100 மீட்டருக்குச் சற்று மேல். இடப்பக்கத்தின் உச்சி மின்னல் தாக்கி அழிந்தபின் 1507-க்கும் 1513-க்கும் இடையில் ஜெஹான் த போஸ் கட்டிய நுணுக்கமான கல்வேலை; உயரமும் கூடுதல். கூரை பச்சையாக இருப்பதற்குக் காரணம் 1836 தீ. மரச்சட்டகம் முழுவதும் எரிந்துபோக, வார்ப்பிரும்புச் சட்டம் போட்டுச் செம்புத் தகடு வேய்ந்தார்கள்.

மேற்கு முகப்பிலுள்ள மூன்று வாசல்களும் சேர்ந்து அரச வாசல் எனப்படும். ஏறக்குறைய 1145-க்கும் 1155-க்கும் இடையில் செதுக்கியது. தூணோடு தூணாக நீண்டு நிற்கும் உருவங்கள் 24 இருந்தன, 19 மிஞ்சியிருக்கின்றன. உடல் தூணைப் போல் அசையாமல் நிற்க, முகம் மட்டும் உயிரோடு இருப்பதைக் கவனியுங்கள். வலது வாசலின் வளைவில் இலக்கணம், இசை, கணிதம் முதலான ஏழு கலைகள் பெண் உருவங்களாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதிக்கொண்டிருக்கும் ஓர் அறிஞர். 12-ஆம் நூற்றாண்டில் ஷார்த்ர் பெரிய கல்விக்கூடமாக இருந்ததன் அடையாளம் இது. இந்த முகப்புக்குச் சாய்ந்த பிற்பகல் வெயில் வேண்டும். காலையில் நிழலில் கிடந்து தட்டையாகத் தெரியும்.

பழைய கோபுரத்தின் தெற்கு மூலையில் சூரியக் கடிகாரத்தை ஏந்திய தேவதூதரும், அருகில் நரம்புக் கருவியோடு நிற்கும் கழுதையும் இருக்கிறார்கள். கழுதையைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். தெற்கு, வடக்கு வாசல் மண்டபங்கள் 13-ஆம் நூற்றாண்டு. நேரம் குறைவென்றால் வடக்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் கடவுள் ஆதாமை உருவாக்கும் சிற்பம் உண்டு. ஆதாமின் தலை அவர் மடியில் சாய்ந்திருக்கும்.

உள்ளே: கண் பழகட்டும்

பேராலயம் அரசின் சொத்து, நுழைவு இலவசம். காலை 8.30-க்குத் திறந்து மாலை 7.30 வரை இருப்பது வழக்கம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேலாடை இருக்கட்டும்.

நுழைந்ததும் ஜன்னலைப் பார்க்காதீர்கள். வெயிலில் சுருங்கிய கண்மணி விரிய நேரம் வேண்டும். நடுக்கூடத்தில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள். 37 மீட்டர் உயரக் கூரைவளைவு மெல்ல மெல்லத் தெளியும். சுவர்கள் வெளிர் மஞ்சளாக இருப்பது பழைய படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். 2009-இல் தொடங்கிய புதுப்பிப்பில் புகைக்கரியை நீக்கி, 13-ஆம் நூற்றாண்டுப் பூச்சையும் அதில் வரைந்த பொய்க் கல்வரிகளையும் மீட்டார்கள். இருண்ட சுவரில்தான் கண்ணாடி ஒளிர்ந்தது என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, சுவர் வெளுத்தபின் ஜன்னலின் தனி ஆட்சி குறைந்துவிட்டது. ஆனால் தூணும் வளைவும் இப்போதுதான் முழுதாகக் கண்ணில் படுகின்றன. தூண்மாதா எனப்படும் மரச்சிலை நூற்றாண்டுகளின் கருமையை இழந்து வெளிர்நிறமானதும் இந்தப் பணியில்தான். அதற்கு இன்னும் மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

பைனாகுலர் இல்லாமல் வந்தால் பாதிப் பயணம் வீண். 8×32 சரியான அளவு: 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 32 மில்லிமீட்டர். 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 4 மில்லிமீட்டர். சட்டைப்பையில் போகும் 8×21 வகையில் அது 2.6 மட்டுமே, மங்கலான இடத்தில் இருட்டாகத் தெரியும். 10 மடங்குக்குமேல் போனால் கை நடுக்கம் படத்தைக் கலைக்கும். முழங்கையை நாற்காலி முதுகில் ஊன்றிப் பாருங்கள்.

எல்லா ஜன்னலையும் பார்க்க முயலாதீர்கள். ஐந்தோ ஆறோ போதும்.

முதலாவது, மேற்குச் சுவரில் ரோஜாவுக்குக் கீழே உள்ள மூன்று உயர ஜன்னல்கள். ஏறக்குறைய 1150. தீயில் தப்பியவை. உள்ளிருந்து வாசலை நோக்கி நின்றால் வலப்பக்கம் ஈசாய் மரம், நடுவில் இயேசுவின் பிறப்பும் குழந்தைப்பருவமும், இடப்பக்கம் பாடுகளும் உயிர்ப்பும். ஈசாய் தாவீது அரசரின் தந்தை. ஈசாய் மரத்தில் படுத்திருக்கும் அவர் உடலிலிருந்து மரம் முளைத்து, அரசர்கள் வழியே மரியாவுக்கும் உச்சியில் கிறிஸ்துவுக்கும் ஏறுகிறது. இங்கே இரும்புச் சட்டம் நேர்க்கோட்டுக் கட்டங்களாக இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 13-ஆம் நூற்றாண்டு ஜன்னல்களுக்கு நகர்ந்ததும் இரும்பே வட்டமாகவும் இதழாகவும் வளைந்து படத்தின் வடிவத்தைப் பின்பற்றும். காலத்தைப் பிரித்தறிய இது எளிய வழி. நீலமும் வேறுபடும்: பழையது வெளிறிய வான்நீலம், புதியது அடர்த்தி.

அந்தப் பழைய நீலத்தை மிக அருகில் பார்க்க, தெற்குக் குறுக்குக்கூடத்தை (சிலுவையின் கைபோல் நடுக்கூடத்துக்குக் குறுக்கே நீளும் பகுதி) தாண்டிப் பலிபீடத்தைச் சுற்றிப் போகும் பாதையில் நுழைந்ததும் வலப்பக்கம் வரும் 'அழகிய ஜன்னல் மாதா'விடம் போங்கள். சிவப்புப் பின்னணியில் வெளிர்நீல உடையில் மரியா, மடியில் குழந்தை. ஏறக்குறைய 1180, தீயில் தப்பிய கண்ணாடியை எடுத்து, சுற்றிலும் 13-ஆம் நூற்றாண்டில் தேவதூதர்களைச் சேர்த்துப் புதிய ஜன்னலில் பொருத்தியிருக்கிறார்கள். இது 'தெற்கு'ப் பக்கம், அதாவது தென்கிழக்கு. முற்பகலில் போகவில்லை என்றால் இதன் பாதி அழகு கிடைக்காது.

அடுத்து, குறுக்குக்கூடத்தின் இரண்டு ரோஜாக்கள். வடக்கில் இருப்பது 1230-களில் வைத்தது, அரசி பிளாங்ஷ் த காஸ்தீயின் கொடை. பிரெஞ்சு அரசின் லில்லியும் காஸ்தீயின் மஞ்சள் கோட்டையும் இடைவெளிகளில் வரும். கீழே ஐந்து நெட்டை ஜன்னல்களின் நடுவில் குழந்தை மரியாவை ஏந்திய புனித அன்னா. இரு பக்கமும் நிற்கும் நால்வரின் காலடியில் அவர்களுக்கு எதிரானவர்கள் சிறிதாக இருப்பார்கள். தாவீதின் கீழே சவுல் தன் வாளிலேயே விழுவதைத் தேடுங்கள். தெற்கு ரோஜாவின் கீழே இயேசுவின் வாழ்க்கையை எழுதிய நான்கு நற்செய்தியாளர்கள், பழைய ஏற்பாட்டின் நான்கு இறைவாக்கினர்களின் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். லூக்கா எரேமியாவின்மேல், மத்தேயு எசாயாவின்மேல், நடுவில் மரியா, பிறகு யோவான் எசேக்கியேலின்மேல், மாற்கு தானியேலின்மேல். முன்னோர் தோளில் நிற்கும் குள்ளர்கள் நாம், அதனால்தான் அவர்களைவிடத் தொலைவு பார்க்கிறோம் என்று ஷார்த்ர் கல்விக்கூடத்து பெர்னார் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு. அதைப் பதிவு செய்த ஜான் ஆஃப் சால்ஸ்பரி 1176 முதல் 1180 வரை இங்கேயே ஆயராக (பிஷப்) இருந்தவர்.

ஒரு ஜன்னலைப் படிப்பது

கதை ஜன்னல்கள் நடுக்கூடத்தின் பக்க நடைகளில் கண்மட்டத்துக்குச் சற்றுமேல் தொடங்குகின்றன. பெரும்பாலும் கீழிருந்து மேலே, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலம். நம் கண் மேலிருந்து கீழே இறங்கப் பழகியதால் முதல் தடவை கதை தலைகீழாகப் போகும்.

பழகுவதற்கு, இயேசு சொன்ன உவமையைக் காட்டும் நல்ல சமாரியர் ஜன்னல் சிறந்தது. முகப்பிலிருந்து பலிபீடத்தை நோக்கி நடந்தால் தெற்கு நடையில் மூன்றாவது. அடியில் செருப்புத் தைப்பவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். கொடையாளர்கள் தங்களைக் காட்டும் இடம் எப்போதும் அடிப்பகுதிதான். அதற்குமேல் எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகிற வழிப்போக்கன், திருடர்கள், கண்டும் காணாமல் போகும் யூதக் குருவும் கோயில் பணியாளனான லேவியனும், காயத்துக்குக் கட்டுப்போடும் சமாரியன், சத்திரம். கதை அங்கே முடியும் என்று நினைக்கும்போது மேல் பாதியில் திடீரென்று ஆதாமும் ஏவாளும் வருவார்கள். அடிபட்டுக் கிடந்தவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து என்பது அக்கால விளக்கம். இது தெரியாதவர்கள் இரண்டு ஜன்னல் கலந்துவிட்டது என்று நினைப்பதுண்டு.

எதிர்ப்பக்க வடக்கு நடையில் முதலில் நோவா. அடியில் தச்சர்கள், பீப்பாய் செய்கிறவர்கள், சக்கரம் செய்கிறவர்கள். பெட்டகம் கட்டிய கதையை மரவேலைக்காரர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்தது 6-ஆம் நூற்றாண்டு ஷார்த்ர் ஆயர் புனித லுபின். மடத்தில் திராட்சை மது அறையைக் கவனித்தவர் என்பதால் மது வணிகர்கள் கொடுத்தது. மூன்றாவது புனித யூஸ்தாசு, வேட்டைக் காட்சிகள் நிறைந்தது. வரைந்த கையின் நேர்த்திக்காக நடுக்கூடத்தில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் இதைச் சொல்வோம். நான்காவது யோசேப்பின் கதை, நாணயம் மாற்றுவோர் கொடை.

ஜூன் 21-ஐ ஒட்டிப் போகிறவர்கள் தெற்குக் குறுக்குக்கூடத்தில் நண்பகலுக்கு நில்லுங்கள். புனித அப்போலினார் ஜன்னலில் விடப்பட்ட சிறு துளை வழியாக ஓர் ஒளிப்புள்ளி, தரையில் மற்றவற்றுக்குக் குறுக்காகப் பதித்த ஒரு கல்லின் உலோக ஆணிமேல் விழும். சூரியனின் நண்பகல் என்பது இங்கே கோடைக் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணியை ஒட்டி வரும். 12 மணிக்குப் போய் ஏமாறாதீர்கள்.

படம் எடுப்பது

ஃபிளாஷ் போட்டால் ஜன்னல் வராது, பக்கத்தில் செபிக்கிறவர்தான் எரிச்சலடைவார். போனில் ஜன்னலின் வெளிச்சமான கண்ணாடியைத் தொட்டுப் பூட்டி, வெளிச்சத்தை ஒன்றிலிருந்து இரண்டு படி குறையுங்கள். தானாக விட்டால் கருவி இருண்ட சுவரைக் காட்ட முயன்று கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். இரவுப் பயன்முறையும் அதையே செய்யும், அணைத்துவிடுங்கள். கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் ஜன்னல் மேலே குறுகும். எதிர்ப்பக்க நடைக்குப் போய் ஜூம் செய்தால் கோணம் ஓரளவு நிமிரும்.

சுழல்பாதையும் மற்றவையும்

நடுக்கூடத் தரையில் 13-ஆம் நூற்றாண்டுச் சுழல்பாதை. விட்டம் ஏறக்குறைய 12.9 மீட்டர், பாதையின் நீளம் 260 மீட்டருக்குச் சற்று மேல். பதினொரு சுற்றுகள், ஒரே வழி, முட்டுச்சந்து கிடையாது, தொலைய முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முதல் அக்டோபர் முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை எடுத்துவிடுவார்கள். அரைமணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மெதுவாகப் போகிறவரைத் தாண்டலாம், குறுக்கே வெட்டி நடக்கக் கூடாது. நடுவிலிருந்த உலோகத் தகட்டைப் புரட்சிக்காலத்தில் பீரங்கிக்காகப் பெயர்த்தார்கள், ஆணிகளின் மிச்சம் தெரியும்.

பலிபீடத்தைச் சுற்றியுள்ள கல் திரையை 1514-இல் ஜெஹான் த போஸ் தொடங்கினார். மரியா, இயேசு வாழ்க்கைக் காட்சிகள் சுமார் 200 சிற்பங்களாக. சிற்பத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு இது ஒரு மணி நேர வேலை. பின்பகுதியில் மரியாவின் ஆடை என்று போற்றப்படும் பட்டுத்துணி. 876-இல் வழுக்கைத்தலை சார்ல்ஸ் அரசர் கொடுத்தது, ஊர் யாத்திரைத் தலமானதே அதனால்தான். நிலவறைக்கு வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், நேரத்தை வந்தவுடன் கேட்டுவையுங்கள். வடக்குக் கோபுரம் ஏறத் தனிக் கட்டணம். குறுகிய சுழல்படி, முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

திருப்பலி (பூசை) நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது. பின்வரிசையில் உட்காரலாம். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகரும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இருக்கையிலேயே இருந்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பாடு, இரவு

மதியச் சமையல் 12-லிருந்து 2 வரைதான். 2.15-க்குப் போனால் காபி மட்டும் கிடைக்கும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு 'கலெத்' எனப்படும் இனிப்பில்லாத அடை தோதானது, பாப்பரை (பக்வீட்) மாவில் வார்ப்பது. பட்டியலில் 'கோம்ப்ளெத்' என்று இருப்பதில் பன்றி இறைச்சி இருக்கும். 'சான் ஜாம்போன்' என்று சொன்னால் அதைத் தவிர்த்து முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவார்கள். முட்டையும் வேண்டாதவர்கள் 'ஃப்ரோமாஜ்' (பாலாடைக்கட்டி) மட்டும் கேளுங்கள். சனிக்கிழமை காலையில் பியார் சதுக்கத்துச் சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பேராலயத்துக்குப் பின்னாலுள்ள தோட்டத்தில் சாப்பிடலாம். அங்கிருந்து கீழூரும் 'ஊர்' (Eure) என்ற பெயருள்ள ஆற்றின் கரையும் தெரியும்.

தங்குகிறவர்களுக்கு இரவில் இன்னொரு காட்சி. வசந்தகாலம் தொடங்கிப் பல மாதங்கள் பேராலய முகப்பிலும் ஊரின் மற்றக் கட்டடங்களிலும் ஒளிப்படங்களைப் பாய்ச்சுவார்கள், இலவசம். ஜூனில் இரவு பத்தரைக்குமேல்தான் இருட்டும் என்பதால் குழந்தைகள் இருந்தால் செப்டம்பர் வசதி. மறுநாள் தெற்கே போகிறவர்கள் என்10 பிடித்தால் ஷாத்தோதன் வழியாக லுவார் பக்கம் இறங்கலாம். கிளம்புமுன் காலை 9.30-க்கு ஒரு தடவை தெற்கு ரோஜாவைப் பார்த்துவிட்டு, நிறுத்துமிடக் கட்டணத்தை வண்டியில் ஏறுமுன் இயந்திரத்தில் கட்டிவிடுங்கள். பல நிலத்தடி நிறுத்துமிடங்களில் வெளியேறும் தடுப்பருகே ரொக்கம் வாங்குவதில்லை.